டின்னின் அடியில் இறுகுவது: அப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கு எல்லோரும் நலம்தானே? போனில் பேசும்போது, "நீ படிப்பது வேதியியலா, இயற்பியலா, ஒரே வார்த்தையில் சொல்லு" என்று கேட்டீர்கள். நான் படிப்பது கூழ்மங்களையும் மேற்பரப்புகளையும் பற்றி; அது ஒரே வார்த்தையில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் இங்குள்ள பாடு. இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்பு ஒரே வருடம். செப்டம்பரில் தொடங்கி அடுத்த செப்டம்பரில் முடிந்துவிடும். கோடை முழுக்க ஆய்வு வேலை. 50 மார்க் எடுத்தால் பாஸ், 70 வந்தால் டிஸ்டிங்ஷன். ஆகவே நான் 72 என்று சொன்னால், "மீதி 28 எங்கே?" என்று கேட்காதீர்கள். பேராசிரியரை 'சார்' போடாமல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு நாக்கு புரளவில்லை; 'எக்ஸ்கியூஸ் மீ' என்று ஆரம்பித்துச் சமாளிக்கிறேன். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிட்டது. லேபுக்குள் இருந்தால் அது தெரியாது, அந்த வகையில் லேப் நல்லது. எந்த ரசாயனத்தைத் தொடுவதற்கு முன்பும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: இதனால் என்ன ஆபத்து, சிந்தினால் என்ன செய்வாய், மிச்சத்தை எங்கே கொட்டுவாய் என்று. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் குப்பியைத் திறக்க எனக்கே மனம் வருவதில்லை.

வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல நேராகக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் பெயின்ட், மருந்து, பூச்சிக்கொல்லி கம்பெனிகளிலிருந்து வந்திருக்கிறார்கள். பாடம் சுவையாவது இவர்களால்தான். நாங்கள் சமன்பாட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது, "சரி, ஆறு மாதம் கிடங்கில் கிடந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிடுவார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1 நானோமீட்டரிலிருந்து (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) 1 மைக்ரான் (அதன் ஆயிரம் மடங்கு) வரை அளவுள்ள துகள்களோ துளிகளோ இன்னொரு பொருளுக்குள் கரையாமல் பரவிக் கிடந்தால் அது கூழ்மம். பால், மை, பெயின்ட் எல்லாம் இந்த வகைதான். இவ்வளவு சிறிதாகப் போனால் உள்ளே இருப்பதைவிட மேற்பரப்புக்குத்தான் அதிகாரம். 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர்! பொருளின் எடை ஒரு குன்றிமணிகூடக் கூடவில்லை. அந்தப் பரப்பில் எது ஒட்டுகிறது, என்ன மின்னேற்றம் இருக்கிறது என்பதைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. அதனால் இது வேதியியலா இயற்பியலா என்று கேட்டால், நாள் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் பெயின்ட் கம்பெனியில் ஷிப்ட் பார்த்த காலத்தில், டின்னைத் திறந்து கம்பியை விட்டுப் பார்த்தே "இது தேறாது" என்பீர்களாமே, அம்மா சொல்வார். அதன் காரணம் இங்கே பாடமாகவே வருகிறது. துகள்கள் நெருங்கினால் ஒன்றையொன்று இழுக்கும். இதன் பெயர் வான் டெர் வால்ஸ் விசை. தண்ணீரில் மேற்பரப்பு மின்னேற்றம் அவற்றை விலக்கி வைக்கும். இந்த இழுபறியைக் கணக்காக்கியவர்கள் நான்கு பேர்: சோவியத் நாட்டில் டெர்யாகின், லண்டாவ் 1941-இல்; நெதர்லாந்தில் வெர்வே, ஓவர்பீக் 1948-இல். நடுவில் உலகப் போர். இரண்டு தரப்பும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. தண்ணீரில் உப்பு அயனிகள் கூடினால் அந்த விலக்கு விசை தளர்ந்து துகள்கள் திரளும். அந்த நால்வரின் கோட்பாட்டின்படி, மேற்பரப்பு மின்னழுத்தம் அதிகமாக இருக்கும்போது, சோடியம் போல ஒற்றை மின்னேற்றமுள்ள அயனி எவ்வளவு இருந்தால் துகள்கள் திரளுமோ, கால்சியம் போல இரட்டை ஏற்றமுள்ளது அதில் 64-இல் ஒரு பங்கே போதும். எண்ணெய் பெயின்டில் மின்னேற்றத்தை அவ்வளவாக நம்ப முடியாது. அங்கே துகளின் மேல் ஒட்டிக்கொள்ளும் நீண்ட மூலக்கூறுகள்தான் நெருங்க விடாமல் தடுக்கின்றன.

எனக்குத் தலைகீழாகப் பட்டது அடுத்த விஷயம். துகள்கள் நன்றாகப் பிரிந்து நிற்கும் பெயின்ட்தான், படிந்துவிட்டால், மோசமாக இறுகுகிறது. ஒவ்வொரு துகளும் தனியாக இறங்கி, வழுக்கிக்கொண்டு போய், சந்து பொந்தில்லாமல் அடுக்காக அமர்ந்துவிடுகிறது. லேசாகத் திரண்ட துகள்களோ அவசரமாக இறங்கினாலும், அங்கங்கே முட்டிக்கொண்டு பொதபொதவென்று நிற்கின்றன. கிளறினால் மறுபடி கலந்துவிடும். ஹெக்மன் கேஜில் (துகள் எவ்வளவு நைசாக அரைபட்டிருக்கிறது என்று பார்க்கும் கருவி) அருமையாக இருந்த பேட்ச் பிறகு கல்லாகிப்போனது என்று நீங்கள் அலுத்துக்கொண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். கூழ்மம் நிலையாக இருக்கிறது என்றால் படியவே படியாது என்று பொருளில்லை. எப்போது படிகிறது, படிந்தபின் எழுந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. இதைப் பாடப் புத்தகங்கள் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை தோழிகளோடு லண்டன் போனேன். அரண்மனைப் பக்கம் அவர்கள் போனார்கள், நான் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற பழைய அறிவியல் நிறுவனத்துக்குப் போனேன். 1857-இல் ஃபாரடே தங்கத்தைக் கொண்டு செய்த கூழ்மக் கரைசல்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. தங்கம் என்றாலும் நிறம் மஞ்சள் இல்லை, சிவப்பு. துகள் அவ்வளவு சிறியது. லண்டனிலேயே கிளாப்பம் காமன் என்ற பூங்காவில் குளத்தையும் பார்த்தேன். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு டீஸ்பூன் எண்ணெயை விட்டு, அரை ஏக்கர் தண்ணீர் கண்ணாடியாய் அடங்கியதைப் பார்த்தது கிளாப்பமில்தான். 1774-இல் அதை வெளியிட்டார். 5 மில்லி எண்ணெயை 2,000 சதுர மீட்டருக்குப் பரப்பினால் தடிமன் 2.5 நானோமீட்டர், ஏறத்தாழ ஒரு மூலக்கூறின் நீளம். அந்தக் கணக்கை அவர் போடவில்லை.

அதற்கு நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, ஜெர்மனியில் ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெண், கல்லூரி வாசல் திறக்காததால், வீட்டுச் சமையலறையிலேயே தகரத் தொட்டி வைத்து நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்தார். முடிவுகளை 1891-இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். எங்கள் லேபில் இருக்கும் தொட்டி அதன் வாரிசுதான். அதன் முன் நிற்கும்போதெல்லாம் அவரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். பெயின்ட், மருந்து, அச்சு மை, நீர் சுத்திகரிப்பு என்று கதவுகள் பல இருக்கின்றன. எது திறக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. கோடை ஆய்வுக்கு நிறமித் துகள்கள் படிவதையே எடுத்திருக்கிறேன். அதற்கு உங்களிடம் ஓர் உதவி வேண்டும். எந்தப் பெயின்ட் அதிகம் இறுகியது? ரெட் ஆக்சைடு பிரைமரா, வெள்ளையா? வெயில் காலத்தில் சீக்கிரம் நடந்ததா? துகள்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க சோயா லெசித்தின் சேர்ப்பீர்களா, சேர்த்தால் நிறமியை அரைக்கும் முன்பா பின்பா? ஞாபகம் இருக்கும்வரை எழுதுங்கள். போனில் வேண்டாம், காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள், எங்கள் பேராசிரியரும் பார்க்க வேண்டும் என்கிறார்.

உங்கள் அன்பு மகள்