கொல்கத்தாவில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நெல்லையப்பர், காந்திமதி அம்மை அருளால் இங்கு யாவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாய் என்று நம்புகிறேன்.

நானும் அம்மாவும் கொல்கத்தாவுக்கு வருவதைப் பற்றி எப்போது போனில் எடுத்தாலும் "பார்க்கலாம் அப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய் என்பதால், நிதானமாக எழுத்தில் சொல்கிறேன். துர்கா பூஜைக் கூட்டம் என்றாய், பிறகு வெயில் என்றாய், அதன் பிறகு மழை என்றாய். எல்லாம் நியாயமான காரணங்களே. மார்கழியில் இவற்றில் எதுவும் இராது. கன்னியாகுமரியிலிருந்து ஹவுரா செல்லும் வாராந்திர வண்டி நம் ஜங்ஷன் வழியாகவே போவதால் இடையில் வண்டி மாறும் அலைச்சலும் எங்களுக்கு இல்லை.

நாங்கள் ஊரைப் பார்க்கத்தான் வருகிறோம். பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் அந்த நகரத்தின் பெயரைச் சொல்லாமல் என் வகுப்பு நகர்ந்ததில்லை. ஆனால் அதைக் கண்ணால் கண்டதில்லை. நீ சிறுவனாக இருந்தபோது கயத்தாற்றுக்கு அழைத்துச் சென்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தைக் காட்டினேனே, அது நடந்தது 1799 அக்டோபர் 16. அதே ஆண்டில்தான் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் மாளிகையை மாதிரியாக வைத்துக் கல்கத்தாவில் தனக்கு அரண்மனை எழுப்பத் தொடங்கினார். 1803இல் கட்டி முடிந்த அந்த மாளிகையில்தான் இன்று வங்காள ஆளுநர் இருக்கிறார். உள்ளே விடாவிட்டாலும் பாதகமில்லை, வாசலுக்கு வெளியே சற்று நேரம் நின்றால் எனக்குப் போதும்.

1911 ஜூன் 17இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் நம் கலெக்டர் ஆஷைச் சுட்டார். டிசம்பர் 12இல் தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ், தலைநகரம் கல்கத்தாவை விட்டுப் போகிறது என்று அறிவித்தார். ஒன்றால் மற்றது நடந்ததாக நான் என்றும் சொன்னதில்லை. ஆனால் வங்காளப் பிரிவினைக்கு எதிராக அங்கே மூண்ட சுதேசி நெருப்பின் வெப்பம் தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் விட்டதுவரை எட்டியது என்பதை அழுத்திச் சொல்லியிருக்கிறேன். நம் மணியாச்சி வாஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே டல்ஹவுசி சதுக்கம், 1930இல் அரசுச் செயலகமாக இருந்த ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் புகுந்து சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்ட பினய், பாதல், தினேஷ் மூவரின் பெயரால் விளங்குகிறது. உன் அலுவலகம் அந்தச் சதுக்கத்துக்கு அருகில்தான் என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கலாம்.

அம்மாவுக்கு விக்டோரியா நினைவு மண்டபத்தைப் பார்க்க ஆசை. தாஜ்மகாலுக்கு வெட்டிய அதே மக்ரானா பளிங்கு. 1906இல் அடிக்கல் நாட்டி 1921இல் திறந்தபோது தலைநகரமே தில்லிக்குப் போயிருந்தது. எனக்கு அதைவிட ஹவுரா பாலத்தை நடந்தே கடக்க வேண்டும். ஏறத்தாழ 26,500 டன் எஃகை, நட்டு போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே இணைத்து 1943இல் திறந்தார்கள். அதே ஆண்டில்தான் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தார்கள். போர்க்காலத்தில் அத்தனை எஃகு கிடைத்தது, பசித்தவனுக்கு அரிசி கிடைக்கவில்லை. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இந்தியாவில் ஆற்றுக்கு அடியில் ஓடும் முதல் மெட்ரோவை 2024இல் திறந்தார்கள் அல்லவா, அதில்தான் என் மகன் வேலைக்குப் போகிறான் என்று தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். தாமிரபரணியில் நீந்திய பிள்ளை ஹூக்ளிக்கு அடியில் போகிறான் என்று அம்மாவுக்கும் பெருமைதான். ஆனால் வீடியோவில் பேசும்போது உன் பின்னால் எப்போதும் ஒரு வெறும் சுவர்தான் தெரிகிறது என்றும் அவள் சொல்கிறாள். உடம்பு இளைத்திருக்கிறது என்கிறாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மறுபடியும் சொல்கிறேன்.

வீடு சிறியதாக இருந்தால் நாங்கள் லேக் மார்க்கெட் பக்கம் விடுதி எடுத்துக்கொள்கிறோம். நம் ஊர்ச் சாப்பாடு அங்கே கிடைக்குமாம். உன்னோடு வேறு யாரேனும் தங்கியிருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே அம்மா கூழ்வற்றல் போட்டு வைத்திருக்கிறாள். நாங்கள் யாரையும் எதுவும் கேட்க மாட்டோம். வேலையைப் பற்றியும் கேட்க மாட்டோம். ஆச்சி இருந்திருந்தால் கேட்டிருப்பாள், நான் கேட்கவில்லை.

பயணத்துக்கு 60 நாளுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும், தாமதித்தால் கீழ்ப் படுக்கை கிடைக்காது. அம்மாவால் மேலே ஏற முடியாது என்பது உனக்குத் தெரியும். மார்கழியில் எந்த வாரம் உனக்கு வசதி என்று எழுது. வர வேண்டாம் என்றால் அதையும் நீயே எழுது, அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பாதே.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா