செனகலில் மூன்று முறை ஒழிக்கப்பட்ட பதவி

ஆசிரியருக்கு வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்க ராணுவ ஆட்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. செனகலில் ராணுவம் ஒருமுறைகூட ஆட்சியைப் பிடித்ததில்லை என்பதும் சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டதால், அந்நாட்டில் பிரதமர் பதவி பட்ட பாடு விடுபட்டுப்போனது. மூன்று முறை ஒழிக்கப்பட்டு, மூன்று முறையும் திரும்பி வந்த பதவி அது.

1960-ல் நாடு விடுதலை பெற்றபோது கவிஞர் செங்கோர் அதிபரானார். பிரதமராக அரசை நடத்தியவர் அவருடைய நெடுநாள் தோழர் மமடூ தியா. நிலக்கடலை வியாபாரிகளின் பிடியிலிருந்து விவசாயியை மீட்கக் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்தார் தியா, பகையும் வளர்ந்தது. 1962 டிசம்பரில் ஆளுங்கட்சிக்காரர்களே அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 17-ஆம் தேதி அவர் காவல் படையை அனுப்பி நாடாளுமன்றத்தைக் காலி செய்தார். உறுப்பினர்கள் சும்மா கலைந்துபோகவில்லை. அவைத்தலைவர் லமீன் கெய் வீட்டில் கூடி, அங்கேயே வாக்களித்துத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். மறுநாள் தியா கைதானார். ஆயுள் தண்டனை. தென்கிழக்குக் கோடியிலிருக்கும் கெடுகு சிறையிலிருந்து 1974-ல்தான் வெளியே வந்தார். அவையை மூடியது தவறு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆட்சி ஏற்கனவே தன் கையில் இருந்தவரை ஆட்சிக் கவிழ்ப்புக்காரர் என்று தண்டித்ததை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

1963-ன் புதிய அரசமைப்பு அந்தப் பதவியையே தூக்கிவிட்டது. 1970-ல் செங்கோரே அதை மீட்டு அப்து தியூஃபை அமர்த்தினார். அப்புறம் 1976-ல், அதிபர் பாதியில் விலகினால் பிரதமரே அதிபர் என்று திருத்தம் வந்தது. அதன்படி 1981 ஜனவரி 1 அன்று தேர்தலே இல்லாமல் தியூஃப் அதிபரானார். இரண்டே ஆண்டில், 1983-ல், அவரே பிரதமர் பதவியை ஒழித்தார்! 1991-ல் அது திரும்பியது. 2004 முதல் 2007 வரை பிரதமராக இருந்த மக்கி சாலும் அதிபரான பிறகு, 2019-ல், அதையே செய்தார். ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தவர்கள் இருவர்.

கோப்புகள் வேகமாக நகர வேண்டும் என்பதுதான் 2019-ல் சொன்ன காரணம். ஆனால் பிரதமரோடு சேர்ந்து, அரசை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்த்தும் நாடாளுமன்றத்தின் உரிமையும் போய்விட்டது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. 2021 டிசம்பரில் அரசமைப்பைத் திருத்தி இரண்டையும் மீட்டார்கள்; அதன் பிறகும் 2022 செப்டம்பர் வரை நாற்காலி காலியாகவே கிடந்தது.

2024-ல் எதிர்க்கட்சித் தலைவர் உஸ்மான் சோங்கோ அதிபர் தேர்தலில் நிற்க முடியாமல் போக, அவர் கைகாட்டிய பசிரூ தியோமாயே ஃபாய் வென்றார். ஏப்ரலில் சோங்கோ பிரதமரானார். அதிபரைவிடச் செல்வாக்குள்ள பிரதமர் என்றாலே செனகலில் 1962-ஐ நினைக்காமல் இருக்க முடியாது. கட்டுரையாளர் அடுத்த முறை அந்நாட்டைப் பற்றி எழுதும்போது மமடூ தியாவிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேனி