ஆவணியில் வாருங்கள், சித்தப்பா

கல்கரி, கனடா,
ஆடி மாதம்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் சித்தியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறேன். விசா சரிவந்தால் எந்த மாதம் வந்தால் மீன் பிடிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட் விலை, குளிர் உடுப்பு ஒன்றையும் கேட்கவில்லை. முத்தையன்கட்டுக் குளத்தடியில் பிறந்தவர் வேறு எதைக் கேட்பார்!

வைகாசி, ஆனியில் மட்டும் வரவேண்டாம். நமது குளம் மாரி மழையில் வான் பாயும். இங்கே ஆறு பெருகுவது வெயிலில். மலையில் குவிந்து கிடந்த பனி அப்போதுதான் உருகி இறங்கும். போ (Bow) என்கிற எங்கள் ஆறு கலங்கி, கரையை இழுத்துக்கொண்டு ஓடும். அதில் கால் வைக்கவே பயமாக இருக்கும். ஆடி பிறக்கிற நேரம் தெளிந்துவிடும், அடியில் கிடக்கிற கல்லெல்லாம் தெரியும். பான்ஃப் மலைக்குள் பனிப்பாறையின் அடியில் தொடங்குகிற ஆறு இது, எங்கள் நகரத்துக்கு நடுவாலேயே ஓடுகிறது. வேலை முடித்து பஸ்ஸில் போய் இறங்கினாலும் கோடையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். பண்டகசாலையில் நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிடிப்பது ட்ரவுட் என்ற மீன். நமது ஜப்பான் மீனுக்கு (திலாப்பியா) நேர் எதிர்க் குணம். ஜப்பான் மீன் சூட்டில் பெருகும், கோடையில் குளம் வற்றினாலும் சேற்றுத் தண்ணீரில் சமாளிக்கும். ட்ரவுட்டுக்குத் தண்ணீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே மூச்சு முட்டத் தொடங்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் ஒட்சிசன் குறையும், மீனின் உடம்புக்கோ அப்போதுதான் கூடத் தேவைப்படும். அந்த நேரம் தூண்டிலில் இழுத்துக் களைக்க வைத்தால், திருப்பி விட்டாலும் கொஞ்சத் தூரம் நீந்திப்போய்ச் செத்துவிடும். நம் நாட்டிலும் இது இருக்கிறது, வெள்ளைக்காரன் கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளில் விட்டது. ஹோர்ட்டன் சமவெளிக் குளிரில் பிழைத்தது, வன்னியில் ஒரு நாளும் தாங்காது.

அதனால் இங்கே கோடையில் தூண்டிலுக்கு முன்னால் வெப்பமானிதான். நூலில் கட்டி ஆற்றுக்குள் விட்டுப் பார்ப்பேன், 20 காட்டினால் சுருட்டிக்கொண்டு வீடு. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மொன்டானாவில் தண்ணீர் மூன்று நாள் தொடர்ந்து 73 பாகை ஃபரன்ஹைட்டைத் தொட்டால், பகல் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடலாம். அதாவது செல்சியஸில் 23க்குக் கிட்ட. அந்தச் சூடு வரும்வரை காத்திருப்பது பிந்திய வேலை என்பது என் எண்ணம். விடியப் போவதுதான் நல்லது, இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் அப்போது. பின்னேரம் மலைப்பக்கம் இடி முழங்கும். தூண்டில் தடி கிராஃபைட், மின்னலுக்கு அழைப்புக் கொடுத்த மாதிரி.

தூண்டிலில் புழு குத்துவதில்லை. இறகையும் நூலையும் கொளுக்கியில் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டியிருப்பார்கள். அதற்குப் பாரமே இல்லை, ஈயமும் கட்டுவதில்லை. பாரம் முழுக்கக் கயிற்றில்தான். அதை முன்னும் பின்னும் வீசி நீட்டித்தான் பூச்சியைத் தண்ணீரில் வைக்கவேண்டும். நுனியில் மட்டும் மெல்லிய தங்கூசி நூல். எந்தப் பூச்சி என்பதை ஆறுதான் சொல்லும். கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டியிருக்கிற புழுக்களைப் பார்க்கலாம். ஆடியில் அந்திக்கு அவை சிறகு முளைத்து எழும்பும், மீன் மேலே வந்து கொத்தும். ஆவணியில் கரைப்புல்லில் இருந்து வெட்டுக்கிளி காற்றில் தள்ளுண்டு ஆற்றில் விழும். அதைக் கொத்துகிற சத்தத்தைக் கேட்க வேண்டும் சித்தப்பா, விரால் அடிக்கிற மாதிரியே.

ஏரிக்குப் போகலாமே என்பீர்கள். கோடை உச்சத்தில் ஏரியின் மேல்தண்ணீர் சுட்டுவிடும், மீன் ஆழத்துக்குப் போய்விடும். உயரத்து மலை ஏரிகளில் ஆனியிலும் ஐஸ் கிடக்கும். அது உடைந்த பிறகு மீன் கரையோரம் சுற்றும், அங்கே நடந்தே ஏறவேண்டும்.

பிடித்ததை எல்லாம் சட்டியில் போடலாம் என்று நினைக்காதீர்கள். புல் (bull) ட்ரவுட் என்ற இனம் நாங்கள் இருக்கிற ஆல்பர்ட்டாவின் மாகாண மீன். 1995 முதல் அதை எங்கே பிடித்தாலும் திருப்பி விடவேண்டும். முதுகுத் துடுப்பில் கறுப்புப் புள்ளி இல்லாவிட்டால் அதுதான். நீங்கள் ஏசுவீர்கள், எனக்கும் முதலில் வயிறு எரிந்தது. பழுப்பு ட்ரவுட் இந்த ஆற்றுக்குச் சொந்தமானதல்ல. 1925இல் மீன்குஞ்சு ஏற்றிவந்த லொறி வழியில் பழுதாகி நிற்க, சாகப் போகிறதே என்று இந்த ஆற்றில் வந்து சேருகிற கேரட் ஓடையில் கொட்டிவிட்டார்களாம். இன்று அதைப் பிடிக்கவே ஆட்கள் தொலைவில் இருந்து வருகிறார்கள்.

சப்பாத்தைக் கழுவிக் காயவைக்காமல் அடுத்த ஆற்றில் இறங்கக்கூடாது என்பதும் பெரிய விசயம். 2016இல் பான்ஃபில் ஜோன்சன் ஏரியில் மீன்குஞ்சைச் சுழலவைக்கிற ஒரு நோய் கண்டுபிடித்தார்கள், கனடாவிலேயே முதல் தடவை. அது சேற்றோடு பரவும்.

ஆகவே ஆவணிக் கடைசியில் வாருங்கள். சிறுபோக அறுவடையும் முடிந்திருக்கும், இங்கே இரவுகள் குளிரத் தொடங்கும், வெட்டுக்கிளியும் தீர்ந்திராது. லைசன்ஸ் நான் எடுத்து வைக்கிறேன். உங்கள் முழங்கால் இப்போது எப்படி? ஆற்றுக்கல் வழுக்கும். நிற்க ஏலாது என்றால் வள்ளத்தில் இருந்து வீசலாம், அதற்கு முன்கூட்டியே ஆள் பிடிக்க வேண்டும். சித்தியிடம் கேட்டு எழுதுங்கள், உங்கள் பதிலை நம்ப மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்