கார்த்திகை வெயில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல். இங்கே மழை விட்டபாடில்லை.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். நவம்பர் நடுவில் டொரன்டோவில் 20 பாகை வெயில், “நம்ம நுவரெலியா மாதிரியே இருக்குப்பா” என்று எழுதியிருந்தாய். நுவரெலியாவின் பகல் ஆண்டு முழுவதும் அதை ஒட்டியே இருக்கும் என்பதால் நீ சொன்னது சரிதான். அம்மா அதை நம் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகச் சொல்லி மகிழ்ந்தாள். எனக்கு அந்த மகிழ்ச்சி முழுதாக வரவில்லை. உங்கள் ஊரில் இந்த மாதத்தில் பகலிலேயே 7, 8 பாகைதான் வழக்கம். தெற்குக் காற்று கொண்டுவந்த வெயில் அது. காற்று வடமேற்காகத் திரும்பினால் ஒரே இரவில் 10 பாகைக்கு மேல்கூட இறங்கிவிடும். எந்தப் படத்திலும் உன் கறுப்புக் கோட்டைக் காணவில்லை. பூங்கா வாங்கில், மேப்பிள் சருகுகளுக்கு நடுவே, மெல்லிய பருத்திச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

வெயில் காய்ந்த நாளை நான் ஏன் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். தை மாதத்தில் மேகமே இல்லாமல் பகல் முழுவதும் சுள்ளென்று காய்ந்த நாளின் இரவில்தான் இங்கே பனி விழும். மூடுவதற்கு மேகம் இல்லாததால் நிலத்தின் சூடெல்லாம் போய்விட, விடியும்போது தேயிலை மட்டத்தின்மேல் வெள்ளை படிந்திருக்கும், வெயில் ஏறியதும் கொழுந்து பழுப்பேறிக் கருகும். குளிர் இறங்கித் தங்கும் பள்ளத்துத் தேயிலைதான் முதலில் போகும்.

அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் திருப்பியாயிற்று; ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே வெயிலில் கிளம்பினாலும் கோட்டைக் கையிலாவது எடுத்துக்கொண்டு போ. இழுப்புக்காரப் பிள்ளை நீ. அந்த நானுஓயா இரவை அம்மா இன்னும் மறக்கவில்லை.

படங்கள் ஒவ்வொன்றும் இங்கே நள்ளிரவு 1 மணிக்கு வந்தன. அங்கே அது பிற்பகல் 2.30. எல்லாமே வேலை நாட்கள். நல்ல வெயில் என்று அலுவலகத்தில் எல்லோரையும் வெளியே விட்டிருப்பார்கள் என்று அம்மா சொல்கிறாள். அப்படித்தான் இருக்கும். நம் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை நீ. உன் வேலையைப் பற்றி நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் முன்பெல்லாம் அலுவலகத்துக் கதை இல்லாமல் நீ எழுதி முடித்ததில்லை. இம்முறை வெயிலைப் பற்றி அத்தனை எழுத நேரம் இருந்தவளுக்கு, சாப்பிட்டேன் என்று ஒரு வரி எழுத நேரம் இல்லாமற் போயிற்றே.

இந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். தம்பியின் வகுப்புக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். கூரைத் தகரத்தைத் தை பிறந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். கோட் பழசாகியிருந்தாலோ, இல்லாமலே போயிருந்தாலோ, அந்தப் பணத்தில் முதலில் ஒன்று வாங்கு. கழுத்துவரை மூடுவதாகப் பார்த்து வாங்கு. மீதியை வைத்துக்கொள். அடுத்த மாதமும் அனுப்ப வேண்டாம். சில நாட்கள் இங்கே வந்து இருக்க வேண்டும்போல் உனக்குத் தோன்றினால், டிக்கெட் பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தையில் இங்கேயும் பனிதான், கோட்டை மறக்காமல் கொண்டு வா.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா