ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய ஓய்வூதியப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கோப்பு தங்கள் மேசைக்குப் புதிதல்ல. சென்ற கார்த்திகையில் நைனா காலமானதிலிருந்து அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக நாங்கள் அலைவது தங்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மா பெயர் முனியம்மாள். 1970-இல் திருமணத்தை ராணுவப் பதிவேட்டில் ஏற்றியவர் கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'முனியம்மா' என்று எழுதிவிட்டார். ஆதாரில் சரியாக இருக்கிறது. அந்த ஒரு எழுத்துக்காக வட்டாட்சியர் சான்று கொடுத்தோம், நோட்டரி பத்திரம் கொடுத்தோம். செவ்வாயன்று, "ரேகை வையுங்கள், ஆதாரோடு ஒத்துப்போனால் பார்க்கலாம்" என்றார்கள். அம்மா கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு. பக்கத்தில் நின்ற ஒருவர் ஈரத் துணி கொடுத்தார். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது.

ஐயா, அந்த விரல்களில் ரேகை இருக்காது. நைனா எல்லையில் இருந்த வருடங்களில் அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தார். இலையை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை நகத்தால் மடக்க வேண்டும். விளக்கு வைத்த பிறகும் மடியில் முறம் இருக்கும். ரேகை தேய்ந்தது அப்படித்தான்.

"நீங்கள்தான் அவர் மனைவி என்பதற்கு வேறு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் கவுண்டரில் இருந்த பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, நைனாவின் ராணுவ எண், பட்டாலியன், '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் விலாசம் வரை ஒரே மூச்சில் ஒப்பித்தார். கடிதம் போட்டுத் தரச் சொல்லி ஊர்ப் பிள்ளைகளிடம் வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி மனப்பாடமான விலாசம் அது. அந்தப் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் எழுத்தில் வேண்டும்மா" என்றார்.

ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நைனா 1963-இல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். வெலிங்டனில் பயிற்சி. 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், 16-ஆவது பட்டாலியனோடு பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தார். கண்ணிவெடி புதைத்த நிலத்தைக் கடந்த அந்த இரவைப் பற்றி வீட்டில் அதிகம் பேசமாட்டார். பட்டாலியன் தளபதி வேத் பிரகாஷ் கய் அங்கே உயிர்விட்டதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். இடது கெண்டைக்காலில் இருந்த தழும்பை நாங்களாகக் கேட்டால்தான் காட்டுவார்.

ஊருக்கு அவரைத் தெரிந்தது வேறு விதத்தில். ஓய்வு பெற்று வந்தபின் விடியற்காலை நாலரைக்கு ஏரிக்கரையில் பையன்களை ஓடவைப்பார். ஆள்சேர்ப்புக்குப் போகிறவனுக்குப் பஸ் காசும் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவும் அவர் கணக்கு. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற பகுதி எங்களுடையது. ஆகவே விதவைகளும் அதிகம். மாதம் பிறந்தால் அவர்கள் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு விண்ணப்பம் எழுதுவதும், வங்கிக்குக் கூட்டிப்போவதும், நவம்பரில் உயிர்வாழ்ச் சான்றுக்கு அலைவதும் நைனாதான். ஒருவரிடமும் டீக்காசுகூட வாங்கியதில்லை. அத்தனை பேருக்கும் நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தவரின் மனைவிக்கு இன்னும் கிடைக்கவில்லை. என்னால் தாங்க முடியாதது இதுதான்.

டிசம்பர் 7 கொடி நாளுக்கு உண்டியல் வருகிறது. ஆகஸ்ட் 15-க்கு முன்னாள் வீரர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். நைனாவிடமே நாலைந்து பொன்னாடைகள் இருந்தன. போர்த்துகிற அன்று யாரும் பெயரில் எழுத்து சரிபார்ப்பதில்லை. அவர் கண்மூடிய மறுமாதமே அந்த வீட்டுப் பெண் தான் யாரென்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் இப்படி அலைகிறார்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் அலுவலகத்தில் வேலைப்பளு எனக்குத் தெரியாததல்ல. ஆனால் முகத்தைப் படம்பிடித்தே உயிர்வாழ்ச் சான்று வாங்கும் வசதி 2021-லேயே வந்துவிட்டது. விரல் தேய்ந்தவர்களுக்கு அடையாளம் பார்க்கவும் அந்த வழியைத் திறந்துவிடலாமே. அதுவும் முடியாதென்றால், தயவுசெய்து ஒருவரை அனுப்புங்கள். அம்மாவைப் பார்க்கட்டும், அக்கம்பக்கத்தில் விசாரிக்கட்டும், அங்கேயே எழுதிக்கொள்ளட்டும்.

அம்மா காலையில் வீட்டில்தான் இருப்பார். நைனாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி கூடத்தில் இருக்கிறது. மூடியில் அவருடைய எண்ணை வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கிறார். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கங்கள், அம்மா சொல்லி ஊர்ப் பிள்ளைகள் எழுதிய இன்லண்ட் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. வருகிறவர் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
அவருடைய இரண்டாவது மகள்