முதலில் கசிவைக் காட்டுங்கள்: சென்னைக் கார் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் கார் பட்டறை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கே கையில் ஸ்பேனரோடு நிற்கும் மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

கடந்த கத்திரி வெயிலில் ஒரு நண்பகல். எழுபத்தெட்டு வயதான என் அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் குரோம்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்து இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் மீனம்பாக்கத்தை நெருங்கியபோது, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, அம்மாவை மெட்ரோ ரயில் பாதையின் நிழலில் உட்காரவைத்தேன். உதவ வந்த ஒருவர் ஈரத்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த நொடியில் அது ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். நல்ல மனத்தோடு வந்தவருக்கு அன்று அப்படி ஒன்று நேர்ந்திருந்தால் என்னை நான் மன்னித்திருக்க மாட்டேன்.

நான்கு மாதத்தில் வண்டி அப்படி நின்றது மூன்றாவது முறை. அதற்குள் மூன்று பட்டறைகள் ஏறி இறங்கியிருந்தேன். முதல் பட்டறையில் ரேடியேட்டரை மாற்றினார்கள். அடுத்ததில் வாட்டர் பம்ப். மூன்றாவதில் ரேடியேட்டரின் ரப்பர் குழாய்களான மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பிறகு மூடி. எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் மூன்று வாரத்துக்குள், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் டப்பாவில் மட்டம் கீழே இறங்கிவிட்டது.

யாரும் என்னை ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. ரேடியேட்டரின் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பு கசியும் இடம்தான். வாட்டர் பம்பின் சீல் தேய்ந்தால் அதன் அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் வடியும் என்பதும் உண்மைதான். ஆனால் வழக்கமாகக் கசிகிற இடம் வேறு, என் வண்டியில் கசிந்த இடம் வேறு. அந்த இரண்டாவது இடம் எது என்று அந்த நான்கு மாதத்தில் ஒருவரும் தேடவில்லை. அதுதான் என் ஆற்றாமை.

கடைசியில் ஆதம்பாக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய ஷெட்டுக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பானெட்டைத் திறக்கும் முன்பே இரண்டு கேள்விகள் கேட்டார். இரவு நிறுத்தும் இடத்தில் தரை நனைந்திருக்கிறதா? இல்லை என்றேன். உள்ளே மிதியடி ஈரமாக இருக்கிறதா? ஆம், முன் இருக்கையில் இடப்பக்கம் வெகுநாளாகவே ஈரம். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது என்று சொல்லி ஒரு பட்டறையில் அதைச் சுத்தம்கூடச் செய்து தந்தார்கள்.

அவர் எஞ்சின் முழுவதும் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பும் அழுத்தமானியும் சேர்ந்த கருவியைப் பொருத்தி, மூடியின் மேல் அச்சிட்டிருந்த அளவுவரை காற்றை ஏற்றினார். நாங்கள் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடத்தில் அது மெல்லக் கீழே சரிந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை. உடனே மிதியடியைத் தூக்கி, அடியிலிருந்த விரிப்பை விரலால் அழுத்தி, என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று ஒட்டியது, லேசான இனிப்பு வாடை. ஏசி தண்ணீர் ஒட்டாது, மணக்காது. முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். எண்ணெய் படிந்ததுபோல் ஒரு படலம். சென்னைப் புழுக்கத்தில் கண்ணாடி மங்குவது இயல்புதானே என்று நான் விட்டிருந்த படலம் அது.

கசிந்தது ஹீட்டர். டாஷ்போர்டுக்குப் பின்னால் கையகலத்தில் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். இந்த ஊரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? மார்கழியில்கூட இல்லை. ஆனால் பல கார்களில், நாம் அதைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், எஞ்சினின் சூடான நீர் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பயன்படுத்தாததால் நாம் மறந்துவிட்டோம். நாம் மறந்ததால் நீங்களும் மறந்துவிட்டீர்கள்.

டாஷ்போர்டைக் கழற்றி ஹீட்டரை மாற்றலாம், அல்லது அதற்குப் போய்வரும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்து அதை ஒதுக்கிவிடலாம் என்றார். இணைக்கச் சொன்னேன். ஏழு மாதம் ஆகிறது. கூலன்ட் அதே கோட்டில் நிற்கிறது.

இணைத்ததற்கு 400 ரூபாய் வாங்கினார். தேடிக் கண்டுபிடித்ததற்கு? ஒன்றும் கேட்கவில்லை. நான் வற்புறுத்திக் கொடுத்தபோதும் கூச்சத்தோடுதான் வாங்கினார். அந்தக் கூச்சம் என் மனத்தை இன்னும் அறுக்கிறது.

இங்கே வண்டி வைத்திருக்கும் எங்கள் தவற்றையும் சொல்லியாக வேண்டும். பில்லைக் கையில் வாங்கியதும் எந்த உதிரிபாகம், என்ன விலை என்றுதான் பார்க்கிறோம். பார்வையிட்டதற்குக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால், சும்மா பார்த்ததற்குக் காசா என்று சண்டைக்கு நிற்கிறோம். போர் போடும் முன் நீரோட்டம் பார்க்க வருகிறவருக்கு வெற்றிலை பாக்கோடு தட்டில் பணம் வைக்கும் ஊர் இது. உங்கள் கண்ணுக்கும் மூக்குக்கும் விரலுக்கும் மட்டும் நாங்கள் கூலி தருவதில்லை. பாகம் மாற்றினால்தான் வருமானம் என்ற நிலையில் உங்களைத் தள்ளியதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கசிவு தேடுவதற்குத் தனிக் கட்டணம் வையுங்கள். தேடிய பிறகு, கசியும் இடத்தை வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதற்கு அப்புறம் பாகத்தைப் பற்றிப் பேசுவோம்.

எப்படித் தேடுவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விசிறியின் காற்று சொட்டைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும், அதனால் நனைந்த இடங்களில் மிக உயரமானதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதும், காய்ந்த கூலன்ட் விட்டுப்போகும் வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கு ஒரு தடயம் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் சில கிளிப்புகள் ரப்பர் ஆறிச் சுருங்கும்போது மட்டும் கசியும். சூட்டில் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடாதீர்கள். எஞ்சினுக்குள் புகைவாயுவும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம் வந்தால், புகைவாயு பட்டதும் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவம் இருக்கிறது. எஞ்சினைப் பிரிக்கும் முன் அதைக் கொண்டு பாருங்கள். அழுத்தச் சோதனைக் கருவி இன்னும் இல்லாதவர்கள், ஜி.பி. ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ உதிரிபாகம் வாங்கப் போகும் நாளில் அதற்கும் சேர்த்து விசாரியுங்கள்.

இன்னொன்று. கசிவை அடைக்கும் பொடியோ மஞ்சள் தூளோ ரேடியேட்டரில் போடுவது நள்ளிரவில் நெடுஞ்சாலையில் நின்றவர் வீடு வந்து சேர உதவலாம். பட்டறையில் அதை வைத்தியமாகச் செய்யாதீர்கள். கசிவை அடைக்கிற பொடி உள்ளே மெல்லிய குழாய்களையும் அடைக்கும். குறைந்த கூலன்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதன் உப்பு அலுமினியத்தை அரிக்கும். வடித்த கூலன்டைத் தெருவில் விடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். உங்கள் ஷெட் வாசலில் படுத்திருக்கும் நாய் அதை நக்கினால் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போகலாம்.

அடுத்த மாதம் என் தம்பியின் காரை ஓட்டிக்கொண்டு வருகிறேன். அதிலும் மட்டம் குறைகிறது, எங்கே என்று தெரியவில்லை. உங்கள் கட்டணப் பலகையில் ஆயில் மாற்ற, பிரேக் பார்க்க என்று எழுதியிருக்கும் வரிகளுக்குக் கீழே, கசிவு தேட இவ்வளவு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்தப் பலகை தொங்கும் பட்டறையில்தான் வண்டியை நிறுத்துவேன். பேரம் பேச மாட்டேன்.

அன்புடன்,
குரோம்பேட்டையிலிருந்து ஒரு கார் உரிமையாளர்