பேக் இல்லாத நாட்டில் டேட்டாவை நிறுத்தி வையுங்கள்: கைபேசி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் நாட்டில் கைபேசி நிறுவனங்களை நடத்தும் மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஒருவர் எந்த நாட்டுக்கு ரோமிங் பேக் (வெளிநாட்டில் போனைப் பயன்படுத்த முன்கூட்டியே வாங்கும் திட்டம்) போட்டிருக்கிறாரோ, அந்த நாட்டில் மட்டும் அவருக்கு டேட்டா ஓடட்டும். வழியில் வேறு நாட்டில் இறங்கினால், அவராகச் ‘சரி’ என்று பதில் அனுப்பும் வரை டேட்டாவை நிறுத்தி வையுங்கள்.

தங்கையின் பிரசவத்துக்காக என் அம்மா மெல்பர்ன் போனார். வயது 64. திருச்சியில் ஏறி, கொழும்பில் விமானம் மாறிப் போகும் பயணம். மெல்பர்னில் இறங்கி உள்ளூர் சிம் வாங்கினால் மலிவு என்று எனக்குத் தெரியும். ஆனால் வங்கி ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அம்மாவின் பழைய போனில் இ-சிம், அதாவது சிம் அட்டை போடாமலே இன்னொரு எண்ணைச் சேர்க்கும் வசதி, கிடையாது. எண் மாறினால் மணச்சநல்லூரில் இருக்கும் அப்பா குழம்பிப்போவார். அதனால் உங்களில் ஒரு நிறுவனத்திடம் ஆஸ்திரேலியா பேக் வாங்கினேன். டேட்டா ரோமிங்கை ஆன் செய்தால்தான் பேக் வேலை செய்யும் என்று அவர்களுடைய செயலியே சொன்னது. ஆன் செய்து அம்மா கையில் கொடுத்தேன்.

கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அம்மா ஐந்து மணி நேரம் காத்திருந்தார். போனில் அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் அனுப்பிய வளைகாப்புப் படங்கள் தானாக இறங்கின. அவ்வளவுதான். பேக்கில் இலங்கை இல்லை. 21 எம்.பி.க்கு வரியோடு ஏறக்குறைய 14,000 ரூபாய் பில் வந்தது. 10 கே.பி.க்கு ஐந்தரை ரூபாய் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நம் ஊரில் 350 ரூபாய் அளவில் ரீசார்ஜ் செய்தால் 28 நாளைக்குத் தினம் ஒன்றரை ஜி.பி. கிடைக்கிறது.

குறுஞ்செய்தி அனுப்பினோமே என்றார்கள் வாடிக்கையாளர் சேவையில். உண்மைதான், மூன்று வந்திருந்தன. மூன்றும் ஆங்கிலத்தில். அம்மா தமிழ் மட்டும் படிப்பார். இந்த எண்ணுக்கு விளம்பர அழைப்புகள் மட்டும் நல்ல தமிழில் வருகின்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பணம் போனது போகட்டும். அதைக் கட்டிவிட்டேன். என்னால் தாங்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. பில் விவரம் எப்படியோ அம்மா காதுக்கும் போய்விட்டது. போனை அணைத்து, கைக்குட்டையில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். மெல்பர்னில் பேக் இருக்கிறது, தாராளமாகப் பேசலாம் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. “தொட்டா காசு போயிடும்ப்பா” என்பதே பதில். தங்கை வீட்டில் இருந்த மூன்று வாரமும் அப்பா அம்மாவின் எண்ணுக்கு அழைத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஸ்விட்ச் ஆஃப் என்று கேட்டு வைத்தார். பச்சை உடம்போடு குழந்தையையும் பார்த்துக்கொண்டிருந்த தங்கை எப்போது அழைக்கிறாளோ அப்போதுதான் இருவருக்கும் பேச்சு.

திரும்பி வரும்போது கொழும்பிலிருந்து கிளம்ப வேண்டிய விமானம் தாமதமானது. அம்மா போனை எடுக்கவே இல்லை. திருச்சி விமான நிலைய வாசலில் நானும் அப்பாவும் காலையிலிருந்து நின்றோம். விமானம் தாமதம் என்பது தெரிந்தது. அம்மா சாப்பிட்டாரா, சர்க்கரை மாத்திரை போட்டாரா, விமானம் ஏறும் சரியான வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்பது தெரியவில்லை. எதற்காக அந்தப் போனை வாங்கிக் கொடுத்தேனோ, அந்த ஒரு நாளில் அது பயன்படவில்லை.

போனில் இருக்கும் அந்த ரோமிங் பட்டனுக்கு ஆஸ்திரேலியா எது, இலங்கை எது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் ரோமிங்கில் இருப்பவரின் டேட்டா பெரும்பாலும் அவருடைய சொந்த நாட்டு நிறுவனத்தின் கணினிகள் வழியாகத்தான் போய்வருகிறது. எந்த எண், எந்த நாட்டில், எவ்வளவு டேட்டா என்பது அந்த நொடியே உங்கள் பார்வையில் இருக்கிறது. அதனால் நிறுத்த வழியில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010ஆம் ஆண்டிலேயே இதற்கு விதி வந்துவிட்டது. ரோமிங் டேட்டா 50 யூரோவை எட்டினால் இணைப்பு தானாக நிற்கும், வாடிக்கையாளர் சொன்னால்தான் தொடரும். 2017 ஜூன் முதல் ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணமே இல்லை. அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை.

உங்கள் பேக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றில் 40 நாடு, இன்னொன்றில் 100 நாடு என்கிறீர்கள். நாட்டுப் பட்டியலைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. விமானத்துக்குள் கிடைக்கும் சேவைக்குத் தனி பேக், கப்பலுக்குத் தனி விலை. தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போகிறவர்களின் போனில்கூட இலங்கை டவர் பிடித்துக்கொள்கிறது. டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருப்பதே பெரும்பாடாக இருக்கும் வயதில், எந்த டவர் எந்தப் பேக்கில் சேரும் என்று ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? இந்தப் பாரத்தைப் பயணிகள் தலையில் வைத்தது நியாயமே இல்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது முன்பு சொன்னதுதான். பேக் இல்லாத நாட்டில் டேட்டாவை நிறுத்தி வையுங்கள். வேண்டுமா என்று அவரவர் மொழியில் கேளுங்கள். பதில் வந்த பிறகு திறந்துவிடுங்கள். குரல் அழைப்பையும் ஓடிபி வரும் குறுஞ்செய்தியையும் இதில் சேர்த்து நிறுத்திவிட வேண்டாம்.

பேரனின் முதல் பிறந்தநாளுக்கு அம்மா மறுபடியும் மெல்பர்ன் போகிறார், அதே கொழும்பு வழியாக. அதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்,
மணச்சநல்லூர்